முதுகுக்கு இரண்டு அங்குலம்

மார்கழி பிறந்தால் எங்கள் ஊரில் விடியற்காலை பஜனைக்குப் போகிறவர்கள் வாயைத் திறந்ததும் பாட்டுக்கு முன்னால் புகைதான் வரும். அரசாங்கக் காகிதத்தில் ஊர்ப் பெயர் பியினூல்வின். எங்கள் வாயில் இன்னும் மேமியோதான். பர்மாவில் மாந்தளையிலிருந்து 42 மைல், ஏறக்குறைய 3500 அடி உயரம். அங்கே விசிறி போட்டுத் தூங்குகிறவர் இங்கே வந்த முதல் ராத்திரியே இரண்டாவது கம்பளி கேட்பார்.

அம்மா போன பிறகு அப்பா இரங்கூனிலிருந்து எங்களோடு வந்துவிட்டார். பெட்டியில் நாலு லுங்கி, மூன்று சட்டை, தனக்குத் தானே தைத்துக்கொண்ட தைப்பொன் ஒன்று. பர்மியர்கள் விசேஷத்துக்கு லுங்கிக்கு மேல் போடுவார்களே, துணி முடிச்சுப் பொத்தான் வைத்த கோட்டு, அதுதான் தைப்பொன். அதைத் தைப்பதில் அப்பாவுக்கு நல்ல பெயர். 45 வருஷம் மிஷினுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தவர். அந்தக் குனிவு இப்போது எழுந்து நின்றாலும் நிமிர்வதில்லை. கழுத்துக்குக் கீழே முதுகு ஒரு கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைந்திருக்கும். தோள் இரண்டும் முன்னால் வந்திருக்கும்.

மேமியோவில் ஸ்வெட்டருக்கா பஞ்சம்? ஊரைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கிப் போகிற சாமான்களில் ஸ்ட்ராபெர்ரி ஜாமுக்கு அடுத்தது பின்னல் ஸ்வெட்டர்தான். பஜாரில் எம், எல், எக்ஸ்எல் மூன்றையும் போட்டுப் பார்த்தோம். மூன்றிலும் ஒரே கதை. முதுகுப்பக்க விளிம்பு மேலே ஏறி உள்சட்டை தெரிந்தது. முன்பக்கம் நெஞ்சில் மடிப்பு விழுந்து வயிற்றுக்குக் கீழே தொங்கியது. கழுத்துப் பட்டி தொண்டையில் போய் இடித்தது. அப்பா கண்ணாடியை ஒரு முறை பார்த்தார். கழற்றி, கை இரண்டையும் பின்னால் மடித்து, கடைக்காரர் மடித்து வைத்ததைவிட நேர்த்தியாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "குளிர் ஒண்ணும் அவ்வளவு இல்லம்மா" என்றார். மூக்கு சிவந்திருந்தது.

சரி, நானே பின்னுகிறேன் என்று ஆரம்பித்தேன். பின்னல் எனக்குப் பழக்கம்தான்: குழந்தைக் குல்லா, மப்ளர், சாக்ஸ். பெரிய ஆள் ஸ்வெட்டர் அதுவரை பின்னியதில்லை. கையில் ஒரு ஆங்கிலப் பேட்டர்ன் தாள் இருந்தது. நெஞ்சுச் சுற்றளவு 40 அங்குல அளவுக்கு முதுகுப் பக்கம் 110 கண்ணி, முன்பக்கம் 110 கண்ணி என்று போட்டிருந்தது. கண்ணி என்றால் ஊசியில் ஏறும் ஒரு நூல் வளையம். அப்பாவுக்கு நெஞ்சு 36. உள்ளே சட்டை போட்டு மேலே இதைப் போட 4 அங்குலம் தளர்ச்சி வேண்டும். ஆக 40. கணக்கு சரியாகத்தான் இருந்தது. 4 மில்லிமீட்டர் ஊசி எடுத்து 110 கண்ணி ஏற்றிவிட்டேன்.

தாளின் தலைப்பில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: 4 அங்குலத்துக்கு 22 கண்ணி, 30 வரிசை. அதை நான் படிக்காமல் இல்லை. படித்துவிட்டுத் தாண்டிப் போனேன். மாதிரித் துண்டு ஒன்று பின்னி நம் கைக்கும் அதே கணக்கு வருகிறதா என்று பார்ப்பது, கல்யாணச் சமையலுக்கு முன் ஒரு கரண்டி ருசி பார்ப்பது போல. ஆனால் அவசரத்தில் இருக்கும்போது அது வெட்டி வேலையாகத் தெரியும். என் கை கொஞ்சம் தளர்ந்த கை. எனக்கு 4 அங்குலத்தில் 20 கண்ணிதான் வருகிறது, வரிசை 28. இரண்டு கண்ணி வித்தியாசம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். தாளின்படி அங்குலத்துக்கு ஐந்தரை கண்ணி. என் கையில் ஐந்து. 110-ஐ ஐந்தால் வகுத்தால் 22 அங்குலம். முன்னும் பின்னும் சேர்த்து 44. நாற்பது என்று நினைத்துப் பின்னியது நாற்பத்து நாலு! ஒரு மாத வேலை.

இதை எழுதுவதற்குக் காரணம் அதற்கு அடுத்து நடந்தது. 36 நெஞ்சுக்கு 44 ஸ்வெட்டர். அவ்வளவு லூசாக இருந்தும், போட்டுப் பார்த்தால் முதுகுப்பக்கம் அப்போதும் மேலே ஏறித்தான் நின்றது. அக்குளில் துணி கொத்தாகத் தொங்குகிறது, பக்கவாட்டில் இன்னொரு ஆள் நுழையலாம், ஆனால் முதுகு மட்டும் குட்டை. பஜாரில் எக்ஸ்எல் போட்டபோதே இது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உடை பிடிக்கிறது என்றால் பெரிய சைஸ், தொங்குகிறது என்றால் சின்ன சைஸ் என்றுதான் நம் புத்தி போகிறது. அகலத்தில் எவ்வளவு கூட்டினாலும் உயரத்தில் உள்ள பற்றாக்குறை தீராது.

பக்கத்து வீட்டில் ஒரு கூர்க்கா அம்மா. திதி என்று கூப்பிடுவேன், நேபாளியில் அக்கா. சிறு வயதிலிருந்தே கடைகளுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பவர். என் ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தாளைத் தூக்கிப் போடு, ஆளைப் பார்த்துப் பின்னு" என்றார். அவர் சொல்வதில் பாதியைத்தான் நான் ஏற்றுக்கொள்கிறேன். அவருக்குக் கண்ணே அளவுநாடா. என்னைப் போன்றவளுக்குத் தாள் வேண்டும். எந்த இடத்தில் அக்குள் குறைக்க வேண்டும், எங்கே கழுத்து பிரிக்க வேண்டும் என்ற வரிசைமுறை அதில்தான் இருக்கிறது. எண்களை மட்டும் என் எண்களாக மாற்றிக்கொண்டால் போதும்.

அந்த எண்களை எடுக்கத்தான் பெரும்பாடு. அளவுநாடாவோடு பின்னால் போய் நின்றால் அப்பா விலகிப்போவார். ஆயிரம் பேருக்கு அளவெடுத்த கை. தன்னை ஒருவர் அளப்பது பிடிக்கவில்லை. முதுகைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆத்தா, கூன் விழுந்த ஆளுக்கு நாங்க எப்படிக் கோட்டு வெட்டுவோம் தெரியுமா?" என்று கேட்டார். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது போல. நான் நாடாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் சொன்னபடி செய்தோம். முதலில் இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு கட்டுவது. கயிறு தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும். இடுப்புத் துணியின் மடிப்பை நம்பக் கூடாது, கூன் உள்ளவருக்கு அது முன்பக்கம் தாழ்ந்திருக்கும். பிறகு கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து முன்பக்கமாகக் கயிறு வரை ஒரு அளவு. அதே இடத்திலிருந்து முதுகின் மேடு வழியாகக் கயிறு வரை இன்னொரு அளவு. நிமிர்ந்து நிற்கிற ஆளுக்கு இரண்டும் பெரிதாக வேறுபடாது. அப்பாவுக்கு முன்பக்கம் 16, முதுகு 18 1/2. இரண்டரை அங்குலம்! எந்த சைஸ் வாங்கினாலும் அவருக்கு முதுகு ஏறியதற்குக் காரணம் இதுதான். முதுகில் போதாத நீளத்தைத் துணி கீழ் விளிம்பிலிருந்தும் கழுத்திலிருந்தும் இழுத்துக்கொள்கிறது.

அளவெடுக்கும்போது "நிமிர்ந்து நில்லுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். யாராக இருந்தாலும் நாடாவைப் பார்த்ததும் மூச்சை இழுத்து விறைப்பாக நிற்பார்கள். அப்பா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாராம். வாடிக்கையாளரிடம் ஏதாவது ஊர்க்கதை கேட்பார். கதை சொல்லத் தொடங்கியதும் உடம்பு தன் நிஜ வடிவத்துக்கு வந்துவிடும். நானும் 1964-ல் பெரியப்பா கப்பலேறி இந்தியாவுக்குப் போன கதையைக் கேட்டேன். 18 1/2 வந்தது அப்போதுதான். அதற்கு முன் 18 என்று காட்டிக்கொண்டிருந்தது.

கோட்டுத் துணி என்றால் காகித மாதிரியை முதுகுக்குக் குறுக்கே வெட்டி, விரித்து, இடைவெளி சேர்த்து, உபரியைத் தோளில் ஒரு மடிப்பாகப் பிடிப்பார்களாம். பின்னலில் வெட்டவும் வேண்டாம், மடிப்பும் வேண்டாம். சாக்ஸில் குதிகால் திருப்புகிறோமே, அதே வித்தைதான். வரிசையின் கடைசி வரை போகாமல் பாதியில் திரும்பிவிடுவது. நான் இதைப் பாதி வரிசை என்று சொல்வேன். நடுவில் மட்டும் வரிசைகள் கூடும், ஓரங்களில் கூடாது. ஓரம் அப்படியே இருப்பதால் அக்குள் வளைவும் பக்கத் தையலும் முன்பக்கத்தோடு கச்சிதமாகப் பொருந்தும். முதுகின் நீளத்தைக் கீழ் விளிம்பில் கூட்டினால் இந்த வசதி இல்லை. பக்கத் தையல் பொருந்தாது. மேட்டில் பிடிப்பதும் விடாது.

பழைய ஸ்வெட்டரை முழுக்கப் பிரித்தேன். பிரித்த நூல் சேமியா மாதிரி சுருண்டு கிடக்கும். அப்படியே பின்னினால் கண்ணி சீராக விழாது. நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் முடிச்சுப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கீழே ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு நாளில் பெரும்பாலும் நேராகிவிட்டது. மொத்தம் 11 உருண்டை, ஒவ்வொன்றும் 50 கிராம்.

இந்த முறை மாதிரித் துண்டு பின்னினேன், 6 அங்குலச் சதுரம். சின்னதாகப் பின்னினால் ஓரக் கண்ணிகள் ஏமாற்றும். துவைத்துக் காயவைத்து, நடுவில் 4 அங்குலத்தை எண்ணினேன்: 20, 28. இங்கே ஒரு அசட்டுத்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். சுருண்ட ஓரத்தைப் படியவைக்க அயர்ன் பாக்ஸை நேராக வைத்துவிட்டேன். பஜாரில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். சூடு பட்டதும் துண்டு உயிர்போய் வதங்கிய கீரை மாதிரி ஆகிவிட்டது. திரும்ப எழவே இல்லை. நல்லவேளை, துண்டோடு போயிற்று. ஆட்டு ரோம நூலை நனைத்துப் பரப்பி வடிவம் கொண்டுவரலாம். அக்ரிலிக்கில் அந்த வேலை அவ்வளவாக நடக்காது. ஆகவே அளவு பின்னும்போதே சரியாக வரவேண்டும்.

இனி கணக்கு. மொத்தம் 40 அங்குலம், அங்குலத்துக்கு 5 கண்ணி, 200 கண்ணி. தையலுக்குள் போகும் ஓரக் கண்ணிகள் 4. ஆக 204. தாள் இதை இரண்டாகச் சமமாகப் பிரிக்கும். அப்பாவுக்கு முதுகு அகலம், நெஞ்சு ஒடுங்கியது. நான் முதுகுக்கு 106, முன்பக்கத்துக்கு 98 என்று பிரித்தேன். ஏன் 105, 99 இல்லை? கீழ்ப் பட்டி இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ல் (எதிர்ப் பின்னல்). இரு ஓரமும் நிட்டில் முடிய வேண்டுமானால் நாலின் மடங்கோடு இரண்டு கூட்டிய எண் வேண்டும். 106-ம் 98-ம் அதில் அடங்கும். அக்குள் வரை தாளில் 16 அங்குலம்; முன்பக்கம் தொங்கியது நினைவிருந்ததால் 15-ல் நிறுத்தினேன்.

அக்குளில் பக்கத்துக்குப் பத்துக் கண்ணி குறைத்தபின் முதுகில் 86 கண்ணி. இரண்டரை அங்குலம் பற்றாக்குறையில் அரை அங்குலத்தைப் பின்னலின் இழுவை பார்த்துக்கொள்ளும் என்று விட்டு, 2 அங்குலம் சேர்க்க முடிவு செய்தேன். அங்குலத்துக்கு 7 வரிசை, ஆக 14 வரிசை. போய்த் திரும்பினால் ஒரு ஜோடி, 7 ஜோடி. ஓரத்தில் 5 கண்ணி மிச்சம் வைத்துத் திரும்பு, அடுத்த ஜோடியில் 10, பிறகு 15 என்று போனால் ஏழாவதில் பக்கத்துக்கு 35 கண்ணி வெளியே, நடுவில் 16. திரும்பும் இடத்தில் சும்மா திரும்பினால் ஓட்டை விழும். நூலை முன்னால் கொண்டுவந்து, அடுத்த கண்ணியைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றி, நூலைப் பின்னால் தள்ளி, கண்ணியைத் திருப்பி இடது ஊசிக்கே கொடுத்துவிட வேண்டும். கண்ணியின் கழுத்தில் நூல் ஒரு வளையம் போட்டிருக்கும். பிறகு முழு வரிசை வரும்போது வளையத்தையும் கண்ணியையும் சேர்த்து ஒன்றாகப் பின்னிவிட்டால் ஓட்டை தெரியாது.

ஏழு ஜோடியையும் ஒரே மூச்சில், ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். போட்டுப் பார்த்தால் முதுகின் நடுவில் ஒரு கூடாரம். அப்பா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்துவிட்டு, "ஒட்டகத்துக்கா பின்னுன?" என்றார். அம்மா போன பிறகு அவர் செய்த முதல் கேலி அது என்று நினைக்கிறேன். பிரிக்கும்போது எனக்குக் கோபமே வரவில்லை.

மறுபடி பின்னும்போது பரப்பிப் போட்டேன். அக்குளுக்கு மேல் ஒரு அங்குலம் விட்டுத் தொடக்கம்; ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஆறு முழு வரிசை. மேடு அதிகமான இடம் எது என்று அப்பா தன் பழைய தையல் சாக்கால் சட்டையின் மேல் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அந்த இடத்தில் வருகிற ஜோடி அகலமாக, அதற்குக் கீழும் மேலும் வருபவை குட்டையாக. இப்படிச் செய்தபோது பாதி வரிசை இருக்கும் இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆள் போட்டால்தான் தெரியும்.

மற்ற மாற்றங்கள் சின்னவை. தோள் முன்னால் வந்திருப்பதால் தோள் தையலும் முன்னால் வரவேண்டும். முதுகுப்பக்கத் தோளில் 4 வரிசை கூட்டி, முன்பக்கத்தில் 4 குறைத்தேன். கழுத்து வட்டத்தை விட்டுவிட்டு வி வடிவத்துக்கு மாறியது அப்பா யோசனை: தொண்டையில் இடிக்கவும் இடிக்காது, தலை வழியே மாட்டும்போது கையை ரொம்பத் தூக்கவும் வேண்டாம். வயதானவர்களுக்குப் பின்னுகிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது. கையைத் தனியாகப் பின்னி ஒட்டாமல், அக்குள் வளைவைச் சுற்றி 7 வரிசைக்கு 5 கண்ணி வீதம் எடுத்து, தோளுச்சியில் அதே பாதி வரிசைகளோடு தொடங்கி, மேலிருந்து கீழாகப் பின்னினேன். முழங்கையை மடக்கச் சொல்லி, மணிக்கட்டு எலும்பில் வந்ததும் நிறுத்தினால் போதும். தாள் 18 1/2 அங்குலம் என்றது. அப்பாவுக்கு 17-ல் முடிந்தது.

நூல் நிறம் கருநீலம். அவருக்குப் பிடித்த நிறம், எனக்குப் பகை. இங்கே கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சார்ஜ் விளக்கின் வெளிச்சத்தில் கருநீலத்தில் கண்ணி எண்ணுவதும் இருட்டில் எள்ளு பொறுக்குவதும் ஒன்று. அதனால் பட்டியும் கையும் ராத்திரிக்கு, பாதி வரிசை பகலுக்கு என்று வைத்துக்கொண்டேன். ஒரு உருண்டை குறைந்துபோய் இரண்டாம் முறை வாங்கியதில் சாயம் ஒரு நூல் வெளிறியிருந்தது. அதை இரண்டு கைகளின் மணிக்கட்டுப் பட்டிக்கு ஒதுக்கிவிட்டேன். வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கிறது.

பொங்கலுக்குள் முடிக்க நினைத்தது தை பத்தாம் தேதி முடிந்தது. அப்பா போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கழுத்தைத் திருப்பி, கீழ் விளிம்பைப் பார்த்தார். மட்டமாக இருந்தது. கையைத் தூக்கினார், இறக்கினார், உட்கார்ந்தார், எழுந்தார். பிறகு கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, பக்கத் தையலை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் இடது அக்குளுக்குக் கீழே நின்றார். "இங்க ஒரு வரிசை தள்ளித் தச்சிருக்க." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசி கேட்டார். இரண்டு அங்குலத் தையலைப் பிரித்து, அவரே வரிசைக்கு வரிசை சேர்த்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, "திதி வீட்டுல டீ போட்டிருப்பாங்க" என்று கிளம்பிவிட்டார்.